பெயர் மாற்றமும் பொருள் மாற்றமும்: ஒரு திறனாய்வு

பெயர்ச்சொல்லை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்துக் காட்டுவது தமிழ் இலக்கண மரபு. மரம் என்பது இடுகுறி. பறவை என்பது காரணம். பறத்தலாகிய தொழிலால் அது பறவையாயிற்று. ஆதலின், காரணப் பெயர் ஒரு வாக்குறுதி போன்றது. பெயர் சொல்லும் தொழில் பொருளினிடத்தே இல்லையாயின் சொல் நிற்கும், காரணம் நில்லாது. இப்பாகுபாட்டைத் தமிழ் பயிலும் மாணவர் யாவரும் அறிவர். ஆயினும், பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இலக்கண நூலோடு முடிந்துவிடுவதன்று. வாணிக உலகில் பெயர்கள் பிறக்கின்றன, இணைகின்றன, இறக்கின்றன, சில வேளைகளில் மீண்டும் உயிர்பெற்று எழுகின்றன. ஐரோப்பிய விமான நிறுவனங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகும்போது பயணி முதலிற் காண்பது புதிய பெயரையும் புதிய வண்ணத்தையுமே. அவர் சீட்டு வாங்கியது ஒரு பெயரில். ஏறுவதோ வேறு பெயர் தாங்கிய விமானத்தில். இருக்கை அதே இருக்கை. உணவு பரிமாறும் பணிப்பெண்ணும் அதே பணிப்பெண். உடை மட்டும் புதிது. மாறியது எது, மாறாதது எது என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுதல் இயல்பு. அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் வரலாறு இங்கு முதன்மைச் சான்றாகவும், பிற நிறுவனங்கள் துணைச் சான்றுகளாகவும் கொள்ளப்படுகின்றன.

பெயரின் பிறப்பு

பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்னும் பெயர் 1974-ஆம் ஆண்டில் புதிதாகப் பிறந்தது என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. 1924-இல் நான்கு சிறு நிறுவனங்கள் இணைந்து இம்பீரியல் ஏர்வேஸ் தோன்றியது. பேரரசின் நகரங்களை இணைப்பதே அதன் பணி. பெயரும் அதையே கூறிற்று. 1933-இல் அதன் வழித்தடம் சிங்கப்பூர் வரை நீண்டது. இதற்கிடையே, 1935-இல் வேறு சில சிறு நிறுவனங்கள் சேர்ந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்ற பெயரில் மற்றொரு நிறுவனத்தை அமைத்தன. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவ்விரண்டும் ஒன்றாக்கப்பட்டுப் பிரிட்டிஷ் ஓவர்சீஸ் ஏர்வேஸ் கார்ப்பரேஷன் உருவாயிற்று. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் முந்திய தலைமுறையினர் ‘பி.ஓ.ஏ.சி.’ என்று அறிந்திருந்த நிறுவனம் இதுவே. 1952-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குக் காமெட் ஜெட் விமானத்தை ஓட்டியதும் இந்நிறுவனமே.

போருக்குப் பின், 1946-இல் ஐரோப்பிய வழித்தடங்களுக்கெனப் பிரிட்டிஷ் யூரோப்பியன் ஏர்வேஸ், அதாவது பி.இ.ஏ., தனியே நிறுவப்பட்டது. கடல்கடந்த நாடுகள் ஒன்றுக்கு, ஐரோப்பா மற்றொன்றுக்கு. இரண்டும் தூய காரணப் பெயர்கள். பெயரைப் படித்தவுடனேயே விமானம் எங்கே போகும் என்று தெரிந்துவிடும். ஒரு நூற்றாண்டின் அரசியலும் இப்பெயர்களில் ஒளிந்து கிடப்பதைக் காணலாம். முதலில் பேரரசு, பின்னர்க் கடல்கடந்த நாடுகள், அதன்பின் பிரிட்டன் மட்டும். பேரரசு சுருங்கச் சுருங்கப் பெயரும் சுருங்கிற்று.

1969-இல் எட்வர்ட்ஸ் குழுவின் அறிக்கை வெளிவந்தது. இரு நிறுவனங்களையும் ஒரே வாரியத்தின் கீழ்க் கொணர வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. 1972-இல் வாரியம் அமைந்தது. 1974 ஏப்ரல் முதல் நாள் பி.ஓ.ஏ.சி.யும் பி.இ.ஏ.யும், கார்டிஃப் நகரின் கேம்பிரியன், நியூகாசில் நகரின் நார்த்ஈஸ்ட் ஆகிய சிறு நிறுவனங்களும் ஒன்றாயின. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மறைந்த பெயர் மீண்டும் எடுத்துச் சூட்டப்பட்டது. எனவே, புதுப்பெயர் என்று அறிவிக்கப்பட்டது உண்மையில் ஒரு பழம்பெயர். புதுமை பெயரில் இல்லையாயின், அது வேறு எங்கே இருந்தது என்று ஆராய்வது முறையாகும்.

ஒரு பெயர், இரு வீடு

சட்டத்தால் இணைப்பு ஒரே நாளில் முடிந்தது. உள்ளத்தால் அது முடியப் பல்லாண்டுகள் ஆயின. இரு பள்ளிகளின் பதிவேடுகளை ஒரே அலமாரியில் அடுக்கிவைத்தால் அவை ஒரே பள்ளி ஆகிவிடமாட்டா. பி.ஓ.ஏ.சி. ஊழியர் நெடுந்தொலைவுப் பயணத்துக்குப் பழகியவர். பல மணி நேரம் ஒரே பயணியரோடு இருந்து பணிபுரிபவர். பி.இ.ஏ. ஊழியரோ குறுகிய பயணங்களில், ஒரே நாளில் பல குழுப் பயணியரைக் கண்டு அனுப்புபவர். ஒருவர்க்குப் பெருமை மற்றவர்க்கு ஆரவாரமாகத் தோன்றிற்று; ஒருவரின் சுறுசுறுப்பு மற்றவர்க்கு அவசரமாகத் தோன்றிற்று. லண்டன் ஹீத்ரோ நிலையத்திலும் இரு பிரிவினரும் வெவ்வேறு முனையங்களில் இருந்தே பணியாற்றினர். நிர்வாகமும் ஐரோப்பியப் பிரிவு, கடல்கடந்த பிரிவு எனத் தொடக்கத்தில் தனித்தனியே நடைபெற்றது. வாசலில் ஒரு பெயர். உள்ளே இரு வீடு.

அக்காலத்தில் விமானங்களின் மேற்பூச்சை அமைத்தவர்கள் நீகஸ் அண்டு நீகஸ் என்னும் வடிவமைப்பாளர்கள். அடிப்பகுதி கருநீலம், மேற்பகுதி வெண்மை, வால் சிவப்பு, அதில் பிரிட்டிஷ் கொடியின் ஒரு பகுதி. கண்ணுக்கு இனிய அமைப்பு அது என்பதில் ஐயமில்லை. ஆயின், 1980-இல் நிகழ்ந்த ஒரு சிறு மாற்றம் மொழியாசிரியர் கவனத்துக்கு உரியது. விமானத்தின் உடற்பகுதியில் எழுதியிருந்த ‘பிரிட்டிஷ் ஏர்வேஸ்’ என்ற இரு சொற்களுள் பின்னது நீக்கப்பட்டு, ‘பிரிட்டிஷ்’ என்பது மட்டும் பெரிய எழுத்தில் நின்றது. அடைமொழி நின்றது, அடைகொண்ட சொல் போயிற்று. எச்சமாக நிற்கும் சொல் முடிக்கும் சொல்லை எதிர்நோக்குவது போல, அந்த அடைமொழியும் எதையோ எதிர்நோக்கி நின்றது. பிரிட்டிஷ் என்பது சரி. பிரிட்டிஷ் என்ன என்னும் வினாவுக்கு விடையில்லை. நிறுவனம் தன்னை யார் என்று இன்னும் அறியாதிருந்த காலத்தின் அடையாளமாகவே இது தோன்றுகிறது. 1984-இன் இறுதியில் அறிமுகமான அடுத்த மேற்பூச்சில் முழுப்பெயரும் திரும்பி வந்தது.

அந்த ஆண்டுகளில் பயணியர் நிறுவனத்தின் முதலெழுத்துகளுக்கு ஏளனமான விரிவு கூறி நகைத்தனர். முதலெழுத்துப் பெயருக்கு உள்ள இடர் இதுவே. அதற்குரிய விரிவை நிறுவனம் தன் செயலால் எழுதாவிடில், பயணி தம் அனுபவத்தால் எழுதிவிடுவார்.

வகுப்பறையில் நிகழ்ந்த இணைப்பு

1981-இல் ஜான் கிங் தலைவராகவும், 1983-இல் காலின் மார்ஷல் தலைமை நிர்வாகியாகவும் பொறுப்பேற்றனர். நிறுவனம் பெரும் நட்டத்தில் இருந்த காலம் அது. சில ஆண்டுகளுக்குள் ஊழியர் தொகை ஏறத்தாழ 20,000 குறைந்தது. எஞ்சியோருக்கு 1983-இன் இறுதியில் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. ‘மக்களுக்கு முதலிடம்’ என்னும் பொருள்படும் பெயரை உடைய அப்பயிற்சி இரண்டு நாள் நீடிப்பது. டென்மார்க் நாட்டுப் பயிற்சி நிறுவனம் ஒன்று அதனை அமைத்துக் கொடுத்தது. முதலில் பயணியரை நேரிற் காணும் ஊழியர்க்கும், பின்னர் அனைவர்க்கும் அது விரிவாக்கப்பட்டது.

பயிற்சியின் உள்ளடக்கத்தைவிட, அதன் வகுப்பமைப்பே கருதத்தக்கது. விமானியும் பெட்டி தூக்குபவரும், சீட்டு வழங்கும் எழுத்தரும் பொறியாளரும் ஒரே கூடத்தில் அமர்த்தப்பட்டனர். பி.ஓ.ஏ.சி.யிலிருந்து வந்தவரும் பி.இ.ஏ.யிலிருந்து வந்தவரும் அருகருகே இருந்தனர். பயணியரின் சினத்தை எவ்வாறு எதிர்கொள்வது, தம் சோர்வை எவ்வாறு அறிவது, உடன் பணிபுரிவோரை எவ்வாறு மதிப்பது என்பனவே பாடங்கள். மார்ஷலே பல வகுப்புகளுக்கு நேரில் வந்து ஊழியரின் வினாக்களுக்கு விடையளித்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சட்டத்தாளில் எழுதப்பட்ட இணைப்பு, மக்களிடையே நிகழத் தொடங்கிய இடம் அக்கூடம் என்று கூறுதல் மிகையாகாது. பெயர்ப்பலகை எழுதும் ஓவியனால் செய்ய முடியாததை ஒரு வகுப்பறை செய்ய முயன்றது. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர்க்கு இஃது ஊக்கமளிக்கும் செய்தி.

எனினும், இதனைப் புகழ்ந்துரைப்பதோடு நின்றுவிடுதல் திறனாய்வாகாது. இருபதாயிரம் பேர் வெளியேறிய பின்னரே மக்களுக்கு முதலிடம் என்னும் முழக்கம் எழுந்தது. அம்முழக்கத்தில் உள்ள மக்கள் யாவர்? பயணியரா, எஞ்சிய ஊழியரா, வெளியேறியவரும் அதில் அடங்குவரா? இவ்வினாக்களுக்கு அப்பயிற்சிக் கூடத்தில் விடை கிடைத்திராது. மேலும், அச்சத்துக்குப் பின் வரும் கல்வி விரைவில் உள்ளத்தில் பதியும். அச்சம் நீங்கியதும் நழுவிவிடுதலும் உண்டு. பயிற்சி என்பது ஒருமுறை கொடுத்து முடிப்பதன்று. இரண்டு நாளிற் கற்றதை இருநூறு நாள் நடைமுறை தாங்கிப் பிடிக்க வேண்டும். நடைமுறை தாங்கவில்லையெனில் என்ன நேரும் என்பதை 1997 காட்டிற்று.

அதற்கு முன் மற்றோர் இணைப்பையும் சுட்டுதல் வேண்டும். 1987 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தனியார்மயமாயிற்று. அடுத்த ஆண்டுக்குள் அது பிரிட்டிஷ் கலிடோனியன் நிறுவனத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ஸ்காட்லாந்தின் சிங்கத்தை வாலில் தாங்கி, கட்டம்போட்ட ஸ்காட்டிஷ் துணியைப் பணிப்பெண்டிர்க்கு உடையாக்கிய நிறுவனம் அது. சிங்கம் பெரிய விமானங்களிலிருந்து இறங்கிற்று. கலிடோனியன் என்னும் பெயர், விடுமுறைப் பயணியரை ஏற்றிச் செல்லும் வாடகை விமானப் பிரிவுக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டது. இணைப்பில் ஒரு பெயர் அழிவதைவிடக் கீழ்நிலைக்குத் தள்ளப்படுவது கொடியதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

வாலில் ஏறிய ஓவியங்கள்

1997 ஜூன் 10-ஆம் நாள் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் புதிய தோற்றத்தை வெளியிட்டது. வாலில் இருந்த கொடியும் கேடயச் சின்னமும் அகற்றப்பட்டன. அவற்றின் இடத்தில் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த கலைஞரின் ஓவியங்கள் ஏறின. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியைச் சேர்ந்த பெண்ணொருவர் வரைந்த விலங்குகளும் மரங்களும், தென்னாப்பிரிக்க நிடெபெலே மக்களின் சுவரோவியக் கோலங்கள், டச்சு நாட்டு டெல்ஃப்ட் பீங்கானின் நீலப் பூக்கள், போலந்து நாட்டுச் சேவல் உருவங்கள், ஸ்காட்லாந்தின் கட்டத்துணி எனப் பலவகை ஓவியங்கள் வானில் வலம் வந்தன. இத்திட்டத்துக்கு 6 கோடி பவுன் செலவு என்று அக்காலத்தில் சொல்லப்பட்டது. பயணியருள் பெரும்பகுதியினர் பிரிட்டனுக்கு வெளியே வாழ்வோர். ஆதலின், ஒரு நாட்டுக்கு உரியதாகத் தோன்றாமல் உலகத்துக்கு உரியதாகத் தோன்ற வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம்.

எதிர்ப்பு விரைவில் எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிளாக்பூலில் நடைபெற்ற கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டில், மாதிரி விமானத்தின் வாலை முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் தம் கைக்குட்டையால் மூடிக்காட்டினார். அக்காட்சி உலகெங்கும் பரவியது. 1999-இல் போட்டி நிறுவனமான வெர்ஜின் அட்லாண்டிக் தன் விமானங்களில் பிரிட்டிஷ் கொடியைத் தீட்டிக்கொண்டது; ஒருவர் எறிந்ததை மற்றவர் எடுத்து அணிந்துகொண்டார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தலைமை நிர்வாகி பாப் அய்லிங், விமானங்களுள் பாதியளவு மீண்டும் கொடி வண்ணம் பெறும் என்று அறிவித்தார். 2001-இல் அவருக்குப் பின் வந்த ராட் எடிங்டன், எல்லா விமானங்களுக்கும் அதே கொடி வண்ணம் என முடிவு செய்தார். ஓவியங்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

இம்முயற்சி ஏன் தோற்றது? நாட்டுப்பற்று வென்றது என்று சொல்லி முடித்துவிடுதல் எளிது. அது போதிய விடையன்று. ஓவியங்கள் தாழ்ந்தவை என்று கூறவும் இயலாது. கலஹாரிப் பெண்ணின் ஓவியமும் டெல்ஃப்ட் நீலமும் தம்மளவில் உயர்ந்த கலைகள். குற்றம் கலையில் இல்லை. கலை வைக்கப்பட்ட இடத்தில் உள்ளது. விமானத்தின் வால் ஓவியக் கூடத்தின் சுவரன்று; அது கையெழுத்து இடும் இடம். கூடத்துச் சுவரில் ஓவியம் நாள்தோறும் மாறலாம். கையெழுத்து மாறலாகாது. பத்துக் கையெழுத்து இடுபவரைப் பத்து மொழி அறிந்த பேரறிஞர் என்று எவரும் சொல்லார்; இவர் யார் என்றே கேட்பர். விமான நிலையத்தின் கண்ணாடிக்கு அப்பால் நின்று தம் விமானத்தைத் தேடும் பயணிக்கு ஓர் அடையாளம் வேண்டும். உலகம் முழுதையும் காட்டும் வாலில் அவர் தேடியது மட்டும் இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. புதிய தோற்றம் வெளியிடப்பட்ட அடுத்த மாதமே, 1997 ஜூலையில், அந்நிறுவனத்தின் பணிப்பெண்களும் பணியாளரும் ஊதியம் பற்றிய பிணக்கில் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தனர். வெளிப்படையாக வேலைநிறுத்தத்தில் இறங்கியோரினும், அந்நாட்களில் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தோர் மிகப் பலர். வாலில் உலக மக்கள் அனைவரும் கைகோத்து நிற்கின்றனர். விமானத்தின் உள்ளே ஒரே நிறுவனத்தின் மக்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கூடத்தில் கற்பிக்கப்பட்ட பாடம் இப்போது எங்கே போயிற்று? சின்னத்துக்குச் செலவிட்ட கருத்தும் பொருளும் ஊழியரின் மனத்தை ஆற்றுவதற்குச் செலவிடப்பட்டிருந்தால், அந்த ஓவியங்கள் மேலும் சில காலம் வானில் நிலைத்திருக்கலாம். உள்ளே உடன்பாடில்லாத வீட்டின் வெளிச்சுவருக்குப் பல வண்ணம் பூசினாலும், விருந்தினர் கேட்பது உள்ளிருந்து வரும் குரலையே.

பிற நாட்டு வழிகள்

1931-இல் பால்ஏர், ஆட் ஆஸ்ட்ரா ஏரோ ஆகிய இரு நிறுவனங்கள் இணைந்து பிறந்த சுவிஸ்ஏர், 2001 அக்டோபர் 2-ஆம் நாள் பணமின்றித் தன் விமானங்களைத் தரையிறக்கி நிறுத்தியது. உலக நாடுகளில் அதன் பயணியர் தவித்து நின்றனர். 2002 மார்ச் 31 முதல் சுவிஸ் என்னும் புதுப்பெயரில் வேறொரு நிறுவனம் பறக்கத் தொடங்கிற்று. உண்மையில் அது குறுந்தொலைவு விமானங்களை ஓட்டிய கிராஸ்ஏர் என்னும் சிறிய நிறுவனமே. பெரியதன் விமானங்களையும் ஊழியரையும் சிறியது ஏற்றுக்கொண்டது. இன்றும் சுவிஸ் விமான எண்களின் முன் வரும் எல்.எக்ஸ். என்னும் குறி கிராஸ்ஏருக்கு உரியது. பெயரோ பெரிய நிறுவனத்தை நினைவூட்டுகிறது. குறியோ சிறிய நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இரு நிறுவனங்களின் விமானியரும் இணைப்புக்குப் பின்னரும் தனித்தனிச் சங்கங்களில் நின்று, பணிமூப்புப் பற்றி நெடுநாள் வாதிட்டனர். 1974-இல் லண்டனில் நிகழ்ந்ததே மீண்டும் ஜூரிச்சில் நிகழ்ந்தது.

பெல்ஜியத்தின் சபேனா 1923-இல் தொடங்கி 2001 நவம்பரில் முடிவுற்றது. அதன் எச்சத்திலிருந்து எழுந்த எஸ்.என். பிரஸ்ஸல்ஸ் ஏர்லைன்ஸும் வெர்ஜின் எக்ஸ்பிரஸும் 2007 மார்ச்சில் இணைந்து பிரஸ்ஸல்ஸ் ஏர்லைன்ஸ் ஆயின. புள்ளிகளால் ஆன ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தே புதிய சின்னம். அதில் 13 புள்ளிகள் இருந்தன. பதின்மூன்று தீய எண் என்று பயணியர் சிலர் அஞ்சி எழுதினர். விமானங்கள் பறக்கத் தொடங்கும் முன்னரே மேலும் ஒரு புள்ளி சேர்க்கப்பட்டு 14 ஆயிற்று. இதனை மூடநம்பிக்கை என்று நகைக்கலாம். எனினும், இதில் ஓர் உண்மை உண்டு. சின்னத்தைப் படைப்பவர் கருதும் பொருள் ஒன்று. படிப்பவர் கொள்ளும் பொருள் மற்றொன்று. படைப்பவர் எழுத்தைக் கண்டார். படிப்பவர் புள்ளிகளை எண்ணினார். இலக்கியத் திறனாய்வில் வாசகருக்கு உரிய இடம் எதுவோ, அதுவே இங்கும் பயணிக்கு உரியது.

வேறு சில நிறுவனங்கள் பெயரை மாற்றாமலே இணைந்தன. 1919-இல் சூட்டப்பட்ட கே.எல்.எம். என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. தொடக்கப் பெயரோடு இன்றுவரை பறந்துவரும் விமான நிறுவனங்களுள் மூத்தது அதுவே. 2004-இல் அது ஏர் பிரான்சுடன் ஒரே குழுமமாயிற்று. எனினும், நீல விமானம் நீல விமானமாகவே நின்றது. 2011 ஜனவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஸ்பெயின் நாட்டு ஐபீரியாவும் ஒரே குழுமத்தின் கீழ் வந்தபோதும் இருபெயரும் நிலைத்தன. வண்ணத் தொட்டியைத் திறப்பதற்கு முன் நிறுவனங்கள் சிந்திக்கக் கற்றுக்கொண்டன என்று இதனைக் கொள்ளலாம்.

இணைப்புக்கு மாறான பிரிவும் ஒப்புநோக்கத்தக்கது. லண்டனில் இரு நிறுவனங்கள் ஒன்றாவதற்கு ஈராண்டுக்கு முன், 1972-இல், மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டாகப் பிரிந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் புதுப்பெயர் பூண்டதாயினும், 1968-இல் பியர் பால்மேன் வடிவமைத்த சாரோங் கெபாயா உடையை விட்டுவிடவில்லை. பெயர் மாறிற்று, உடையும் அதை உடுத்தியோர் கற்ற உபசரிப்பும் தொடர்ந்தன. பயணியர் மாற்றத்தைக் கண்டு மருளாமைக்கு அத்தொடர்ச்சியும் ஒரு காரணம் எனலாம்.

பயணியின் கேள்வி

பெயரை மாற்றாமை எப்போதும் நன்மையே என்று கூறிவிடவும் இயலாது. பழம்பெயர் நிலைத்து, உடைமை மட்டும் மாறினால் பயணிக்கு வேறொரு குழப்பம் நேர்கிறது. ஒரு நிறுவனத்தின் பெயரில் சீட்டு விற்கப்படும். விமானத்தை ஓட்டுவதோ வேறொரு நிறுவனம். ஒரே விமானத்துக்கு இரண்டு, மூன்று எண்கள் அறிவிப்புப் பலகையில் மாறி மாறித் தோன்றும். எல்லாம் நலமாக நடக்கும் வரையில் இஃது ஒரு சிறு விந்தையே. இடர் நேர்ந்தால் மட்டுமே பெயரின் இன்றியமையாமை புலனாகிறது.

2004 ஜனவரியில் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் அருகே ஒரு விமானம் கடலில் வீழ்ந்து 148 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் விடுமுறைக்குச் சென்ற பிரெஞ்சு மக்கள். பயணியரைச் சுமந்து செல்வது யார் என்பதை முன்கூட்டியே அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் கோரிக்கை அதன்பின் ஐரோப்பாவில் வலுப்பெற்றது. 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய 2111-ஆம் எண் ஒழுங்குமுறை, பாதுகாப்புக் குறைந்த நிறுவனங்களின் தடைப்பட்டியலை ஏற்படுத்தியது. விமானத்தை உண்மையில் இயக்கும் நிறுவனம் எது என்பதைப் பயணிக்கு அறிவிப்பதையும் கடமையாக்கியது. அதற்கு முந்திய ஆண்டின் 261-ஆம் எண் ஒழுங்குமுறையும் நோக்கத்தக்கது. நீண்ட தாமதம், பயண நீக்கம் ஆகியவற்றுக்குரிய உதவியையும் இழப்பீட்டையும் வழங்கும் பொறுப்பை அது இயக்கும் நிறுவனத்தின்மீதே சுமத்தியது.

சட்டம் இங்கே செய்த பணி இலக்கண ஆசிரியரின் பணியை ஒத்தது. எழுவாய் தோன்றாத தொடரில், எழுவாய் யாது என்று ஆசிரியர் வினவுவார். விமானம் தாமதமாயிற்று, பெட்டி காணாமற்போயிற்று, பயணம் நீக்கப்பட்டது என்று நிறுவனங்கள் அறிவிக்கும் தொடர்களில் செய்தவர் எவரும் இல்லை. இணைப்புகள் பெருகப் பெருக இத்தகைய தொடர்களும் பெருகுகின்றன. யார் இயக்குகிறார், யார் பொறுப்பு என்று கேட்பது பயணியின் உரிமை. அவ்வினாவுக்கு ஒரு பெயரால் விடை சொல்வது நிறுவனத்தின் கடமை. பெயர் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று; பொறுப்பை ஏற்பதற்காகவும் ஏற்பட்டது.

பழம்பெயரின் மீள்வரவு

2019-இல், தன் முன்னோடி நிறுவனம் ஒன்றின் நூற்றாண்டைப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கொண்டாடியது. அவ்வாண்டு பிப்ரவரியில் போயிங் 747 ஒன்று பி.ஓ.ஏ.சி.யின் பழைய வண்ணம் தாங்கி ஹீத்ரோவில் இறங்கிற்று. பி.இ.ஏ. வண்ணத்தில் ஒரு விமானமும், 1974, 1984 ஆகிய ஆண்டுகளின் வண்ணங்களில் வேறு இரு விமானங்களும் பின்னர் வந்தன. அவற்றைக் காண மக்கள் திரண்டனர். 45 ஆண்டுகளுக்கு முன் எந்தப் பெயர்கள் தடையெனக் கருதி நீக்கப்பட்டனவோ, அப்பெயர்களே இப்போது செல்வமெனப் போற்றப்பட்டன. 2020-இல் அந்நிறுவனத்தின் 747 விமானங்கள் யாவும் ஓய்வுபெற்றன. அவற்றோடு அந்தப் பி.ஓ.ஏ.சி. விமானமும் வானிலிருந்து இறங்கிற்று.

ஆனால், இவை எவற்றையும்விட நீண்டு நிற்கும் ஒரு பெயர் உண்டு. 1932-இல் தேயர் லீ எலியட் என்னும் ஓவியர் இம்பீரியல் ஏர்வேஸுக்காக ஒரு பறவைச் சின்னம் வரைந்தார். ஸ்பீட்பேர்ட் என்பது அதன் பெயர். விரைவுப் பறவை என்று தமிழிற் சொல்லலாம். இம்பீரியல் மறைந்தது, பி.ஓ.ஏ.சி. அதனை ஏற்றது. பி.ஓ.ஏ.சி.யும் மறைந்தது. 1984-இல் சின்னமும் விமானத்தின் மூக்கிலிருந்து அகன்றது. ஆயினும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானி தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தோடு வானொலியில் பேசும்போது தம் விமானத்தை இன்றும் ஸ்பீட்பேர்ட் என்றே கூறுகிறார். பயணியர் அதனைக் கேட்பதில்லை. விளம்பரத்தில் அது பெரிதாகப் பேசப்படுவதும் இல்லை. நாள்தோறும் பணியில் வழங்கப்படுவதனால் மட்டுமே அப்பெயர் வாழ்கிறது. விளம்பரத்துக்காக உண்டாக்கிய சின்னங்கள் சில ஆண்டுகளில் உதிர, வேலைக்காக வழங்கிய சொல் தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்து நிற்பது சிந்தனைக்கு உரியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, இணைப்பு என்பது பெயரால் தொடங்கலாம். மக்களால் மட்டுமே முடிவுறும். 1974-இல் எழுதப்பட்ட பெயருக்கு 1983-இல்தான் வகுப்பறை கிடைத்தது. அவ்வகுப்பறையின் பாடமும் தொடர்ந்து போற்றப்படாமையால் 1997-இல் தளர்ந்தது. இரண்டாவது, சின்னம் படைப்பவர்க்கு மட்டும் உரியதன்று, படிப்பவர்க்கும் உரியது. படிப்பவரை மறந்த சின்னம், கலையழகு நிறைந்ததாயினும், நிலைபெறாது. மூன்றாவது, பெயர் என்பது பொறுப்பு. இடர் நேர்ந்தபோது முன்வந்து நிற்காத பெயர் வெறும் ஒலியே.

காரணப் பெயராகச் சூட்டப்படும் பெயர் உண்மையிற் காரணப் பெயராதல் சூட்டும் நாளிலன்று. பெயர் குறிக்கும் தொழிலை அப்பொருள் நாள்தோறும் செய்யும்போதுதான். அதுவரை அஃது இடுகுறியே. புதுப்பெயர் தாங்கிய விமானத்தில் ஏறும் பயணியின் பெட்டியைப் பதமாக இறக்கிவைக்கும் கையும், தாமதத்துக்கு உண்மைக் காரணம் கூறும் நாவும், அச்சமுற்றவரை ஆற்றும் சொல்லுமே அப்பெயருக்குக் காரணத்தை எழுதுகின்றன.